நண்பகலில் பார்த்த பெரிய மேகம்

நீங்கள் இந்த வானாய்வுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை என்றார்கள். அதற்குள் பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றை நீல ஒளியில் ஒரு படம், சிவப்பு ஒளியில் ஒரு படம், ரேடியோ அலையில் ஒரு படம் என்று அடுத்தடுத்துத் திரையில் பார்த்துவிட்டீர்கள். நேற்றுப் பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "மூணும் ஒரே மண்டலந்தான். ஆனா மூணும் மூணு மாதிரி இருக்குதே, எது மேடம் சரியான படம்?"

கேள்வி பெரியது, தேநீர் வேளை சின்னது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கேள்வி என்னிடம் முதல்முறை வந்தது எந்த வகுப்பறையிலும் இல்லை. சோமனூருக்குத் தெற்கே ஒரு பருத்திக் காட்டில், உச்சி வெயிலில், டெல்லியிலிருந்து வந்த ஒரு குழுவின் முன்னால் வந்தது. அன்று எனக்குச் சரியான பதில் தெரியாது. தெரியாமலே எப்படித் தப்பித்தோம் என்பதைச் சொல்லத்தான் இது.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் கோபிசெட்டிபாளையத்துப் பெண். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறைத் தலைவர் அதிகம் பேசாதவர். பேசினால் தன்னைவிட இருபது வயது சின்னவர்களிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பாராட்டுவது என்ற பழக்கமே அவரிடம் கிடையாது. மூன்றாமவர் ரங்கசாமி. நாயுடு வீட்டுப் பிள்ளை. குடும்பத்தில் எல்லோரும் மில்லுக்கு எந்திரம் செய்துகொண்டிருக்க, இவர் மட்டும் வால்வும் ரேடியோவும் என்று எங்களோடு வந்து சேர்ந்தார்.

நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டினோம். ரங்கசாமியின் பெரியப்பா பட்டறையில் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தோம். அதன்மேல் சல்லடைக் கம்பி வலையை இழுத்துக் கட்டினோம். ஒரு பேருந்தின் நீளத்தில் பாதிக்குமேல் விட்டமுள்ள தட்டு அது. சோமனூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதன் வாணலி வடிவத்தைப் பார்த்து 'வடச்சட்டி' என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

வடச்சட்டி கிழக்கு மேற்காகத் திரும்பாது. தெற்கிலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து வடக்குக்கும் மட்டும் சாயும். தலைவர் பிடிவாதமாகச் செய்த ஏற்பாடு அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது தட்டின் முகத்தில் மோதக் கூடாது, விளிம்பை உரசிக்கொண்டு போய்விட வேண்டும். வானம் தானாக நகர்ந்து தட்டின் முன்னால் வரட்டும், நாம் காத்திருப்போம் என்றார்.

எதைப் பார்ப்பது? அதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. தெற்கு வானத்தில், அடிவானத்தை ஒட்டி, கிழிந்த பஞ்சுபோல இரண்டு மேகங்கள் உண்டு. பெரியது ஒன்று, சிறியது ஒன்று. மேகம் என்பது பார்வைக்குத்தான். இரண்டுமே நம் பால்வீதிக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் விண்மீன் மண்டலங்கள். டெல்லியில் இருப்பவர்களுக்கு அவை உதிப்பதே இல்லை. கோயமுத்தூரில் உதிக்கும். தென்னை மர உயரத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். "அவங்களால பாக்க முடியாததை நாம பாக்கலாமுங்க" என்பார் தலைவர். அவர் வாயிலிருந்து வந்த பெருமைப் பேச்சு அது ஒன்றுதான்.

பனிக்காலத்தில் நானும் ரங்கசாமியும் ஒரு புகைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய மேகத்தை நீல ஒளியில் ஒரு கண்ணாடித் தகட்டிலும் சிவப்பு ஒளியில் இன்னொன்றிலும் எடுத்து வைத்திருந்தோம். நீலத்தில் விண்மீன்கள் நிறைந்த ஒரு நீண்ட பட்டை தெரிந்தது. சிவப்பில் ஒளிரும் வாயுவின் திட்டுகள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. மூன்றாவது வேண்டியிருந்தது. எந்த விண்மீனுக்கும் பக்கத்தில் இல்லாமல் குளிர்ந்து கிடக்கும் ஹைட்ரஜன் வாயு ஒரு சாண் நீளமுள்ள ரேடியோ அலையை மெல்ல வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கண் பார்க்காது, தகடும் பார்க்காது. அதற்குத்தான் வடச்சட்டி.

ரேடியோ அலைக்குப் பகலென்றும் இரவென்றும் கிடையாது. ஆகவே எங்கள் வேலை பெரும்பாலும் வெயிலில்தான். சித்திரையில் பெரிய மேகம் பிற்பகல் மூன்று மணி வாக்கில் தெற்கே வரும். கீற்றுக் கொட்டகைக்குள் ரிசீவர், அதன் பக்கத்தில் நகரும் காகிதச் சுருள், அதன்மேல் மை முள். முள் ஏறினால் வானத்திலிருந்து ஏதோ வருகிறது என்று பொருள்.

முதல் வாரத்திலேயே முள் ஏறியது. மூன்று மணிக்கு அழகாக ஒரு மேடு. மறுநாளும் மூன்று மணிக்கு. ரங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சொல்லிவிட்டார். அவர் அம்மா ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு கொடுத்தனுப்பிவிட்டார். பத்திரிகைக்குச் சொல்லலாமா என்று நான்கூடக் கேட்டேன்.

தலைவர் காகிதத்தைப் பார்த்தார். டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மைசூர்பாகு ஒரு வாரம் தாங்குமுங்க. இந்தச் சேதி தாங்குமான்னு பாத்துக்கலாம்."

அவர் சொன்னதன் பொருள் உங்களுக்குத் தெரியும். வானத்துப் பொருள் எதுவும் நம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. நாளுக்கு நாலு நிமிடம் முந்திக்கொண்டே வரும். ஒரு வாரம் போனால் மேடு ஏறக்குறைய அரை மணி முன்னதாக வந்தாக வேண்டும். ஒரு வாரம் போனது. காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லா மேடும் ஒரே இடத்தில் இருந்தது. எங்கள் கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் விண்மீன் மண்டலம் எங்கேயும் இல்லை.

ரங்கசாமி அன்று சாப்பிடவில்லை. தலைவர் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். பொய்யான சேதி ஒன்று வெளியே போகாமல் நின்றுபோனதே, அதற்கு என்றார். பின்னால் எத்தனையோ முறை, நாங்கள் விரும்பிய விடையே கைக்கு வந்தபோதெல்லாம், எனக்கு அந்த மைசூர்பாகின் நெய் வாசனை வரும். பிடித்த விடை கிடைத்தால் அதைப் பிடிக்காத விடையைவிட இரண்டு மடங்கு சோதியுங்கள்.

மேடு எங்கிருந்து வந்தது? ஒரு சின்ன ரேடியோப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தேன். கரகரப்பு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் போனேன். அது தெய்வானையம்மா கிணற்று மோட்டாரில் போய் நின்றது. மூன்று மணிக்கு மின்சாரம் வரும், அவர் மோட்டார் போடுவார், அதற்குள்ளே தீப்பொறி பறக்கும், எங்கள் முள் ஏறும்.

தெய்வானையம்மா அந்தக் காட்டின் சொந்தக்காரர். கணவர் இறந்தபின் பத்து ஏக்கரையும் தனியாகக் கட்டி ஆள்பவர். வாய்க்காலில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தவர், தோளில் பெட்டியோடு வந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனம்மணி, பாட்டுக் கேக்கறதுக்கா இத்தன தூரம் நடந்து வந்தீங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மோட்டாரை ஒரு மாதம் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டேன்.

"உங்க வடச்சட்டிக்கு எம் மோட்டாரு எடஞ்சலா இருக்குதுங்கறீங்க. எம் பருத்திக்கு உங்க வடச்சட்டி எடஞ்சலில்லீங்களே. கரண்டு வாரப்பத்தானே தண்ணி எடுக்கோணும்?"

மாசியில் விதைத்த பருத்தி பூவெடுக்கும் சமயம். தண்ணீர் தவறினால் பூ கொட்டிவிடும். நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாள் ரங்கசாமி தன் கருவிப் பெட்டியோடு போய், மோட்டாரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, தகர உறை போட்டு, மண்ணுக்குக் கம்பி இறக்கிவிட்டு வந்தார். மோட்டார் முன்னைவிட நன்றாக ஓடியது. கரகரப்பு நன்றாகக் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. அதற்குமேல் கேட்பதற்கு எங்களுக்கு வாய் வரவில்லை. தெய்வானையம்மாவே வந்து, எந்த நாளில் அவசியமோ அந்த நாளில் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

அந்த நாளும் வந்தது. வைகாசிக் கடைசி. டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது, எங்கள் தட்டு நீடிப்பதா கலைப்பதா என்று அவர்கள் சொல்வதுதான் முடிவு என்று கடிதம் வந்தது. கலைப்பது என்றால் பழைய இரும்புக் கடைதான். ரங்கசாமி பட்டறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். நான் வகுப்பறைக்குத் திரும்புவேன். தலைவருக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவர் எங்கே திரும்புவார் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அதற்குள் பெரிய மேகத்தை உண்மையாகவே சிலமுறை பிடித்திருந்தோம். நாளுக்கு நாலு நிமிடம் முந்தி வருகிற மேடு. சோதித்தாகிவிட்டது. ஆனால் குழு வரும் நாளில் அது தெற்கே வரும் நேரம் சரியாக நண்பகல். மூன்று மணிக்கு வந்துகொண்டிருந்த மின்சாரமும் அந்த மாதம் நண்பகலுக்கு மாறியிருந்தது. தெய்வானையம்மாவிடம் ஒன்றரை மணி வரை மோட்டார் போடாமல் இருக்கச் சொல்லிக் கேட்டோம், அவரும் ஒத்துக்கொண்டார்.

குழுவில் மூன்று பேர். பேசியவர் குழுத் தலைவர் மட்டுந்தான். ஒளியியலில் பெரிய படிப்பாளி, கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர். அன்று எங்களுக்கு எதிரே நின்றது அவருடைய நேர்மைதான். கெட்ட எண்ணம் உள்ளவரை எதிர்ப்பது சுலபம். கேள்வி மட்டுமே கேட்கிறவரிடம் பதில் இல்லாமல் தப்ப முடியாது. கொட்டகைக்குள் வந்ததும் கேள்விகளை ரங்கசாமியைப் பார்த்துக் கேட்டார். ரங்கசாமி ஒவ்வொரு முறையும் என் பக்கம் கையைக் காட்டினார். ரிசீவரின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பவள் நான்.

தட்டு தெற்கே சாய்ந்து, கீழ் விளிம்பு ஏறக்குறைய மண்ணைத் தொட நின்றிருந்தது. மேற்குக் காற்று வலையில் விசிலடித்துக்கொண்டிருந்தது. பதினொரு மணியைத் தாண்டியதும் முள் எழத் தொடங்கியது. மெதுவாக, நிதானமாக ஏறியது. பன்னிரண்டு தாண்டியபோது நல்ல உயரத்தில் நின்றது. நீலத் தகட்டைப் பக்கத்தில் வைத்து, இப்போது தட்டின் முன்னால் இருப்பது இந்தப் பட்டை என்று காட்டினேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ரங்கசாமியைப் பார்த்தே ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். உங்கள் தட்டு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முன்னால் கருமண் பூமி. சூடான எந்தப் பொருளும் ரேடியோ இரைச்சல் தரும். காலையிலிருந்து வெயில் ஏறுகிறது, மண் சூடாகிறது, முள்ளும் ஏறுகிறது. நான் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது விண்மீன் மண்டலத்தையா, கோயமுத்தூர் ஜில்லாவின் மண்ணையா?

நாலு நிமிடக் கணக்கைச் சொன்னேன், பழைய காகிதங்களைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். மண்ணின் சூடும் மாதத்துக்கு மாதம் மாறும் என்றார். இன்று, இங்கே, தன் கண் முன்னால் எதை வைத்து நம்புவது என்பதே அவர் கேள்வி.

எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார்.

"ரிசீவர் உங்க கையில இருக்குதுங்க சரோஜா. நீங்களே சொல்லுங்க."

வழி ஒன்று இருந்தது. மண்ணின் இரைச்சல் எல்லா அலைநீளத்திலும் ஒன்றுபோல இருக்கும். ஹைட்ரஜன் ஒரே ஒரு அலைநீளத்தில்தான் பேசும். அதிலும் பெரிய மேகம் நம்மைவிட்டு விலகிப்போவதால் அதன் அலை கொஞ்சம் நீண்டு, தனக்கென்று ஒரு இடத்தில் வந்து விழும். ரிசீவரின் குமிழை அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் திருப்பினால் மேகம் காணாமல் போக வேண்டும், மண் அப்படியே இருக்க வேண்டும்.

குமிழைத் தொடுவதுதான் ஆபத்து. அந்த வெயிலில், அந்தப் பழைய வால்வுகளோடு, ரிசீவர் ஒருமுறை கலைந்தால் எப்போது அமைதிக்கு வரும் என்று சொல்ல முடியாது. சில நாள் உடனே அமரும். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். மேகம் அதற்காகக் காத்திருக்காது. காகிதத்தில் நல்ல பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தொடாமல் விட்டால் அதுவாவது மிஞ்சும்.

ரங்கசாமி என் காதருகே குனிந்து, "வேண்டாமுங்க மேடம். நல்லா ஓடீட்டு இருக்குதுங்க. கலைச்சுப்போட்டா ஒண்ணுமே இருக்காது" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் நல்ல பதிவு எங்களுக்குத்தான் நல்ல பதிவு. கேட்டவருக்கு அது வெறும் சந்தேகம். நம்பாதவரிடம் அழகான காகிதத்தைக் கொடுத்தனுப்புவதைவிட, கிழிந்தாலும் பரவாயில்லை என்று அவர் கண் முன்னால் சோதித்துவிடுவது மேல் என்று பட்டது. குமிழைத் திருப்பினேன்.

முள் துள்ளியது. மேலும் கீழும் கிறுக்கியது. ரங்கசாமி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அது மெல்ல இறங்கி, ஏறத் தொடங்குவதற்கு முன் இருந்த உயரத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அந்தச் சற்று மேலே என்பதுதான் மண்ணின் பங்கு. குழுத் தலைவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. மீண்டும் பழைய இடத்துக்குத் திருப்பினேன். முள் ஏறி, விட்ட உயரத்தில் நின்றது.

குழுத் தலைவர் ஒரு அடி முன்னால் வந்தார். முகத்தில் பாதி நம்பிக்கை. நான் அந்த வேகத்தில் ஒன்று சொன்னேன்.

மண் எங்கேயும் போகாது, மேகம் போய்விடும். இந்த நீலத் தகட்டில் மேகத்தின் ஓரம் இங்கே முடிகிறது. அது தட்டின் முன்னாலிருந்து விலகும் நேரத்தைக் கணக்கிட்டிருக்கிறோம். ஒன்றரை மணிக்குள் முள் தானாகக் கீழே வந்துவிடும். அப்போதும் மண் சூடாகவே இருக்கும். அதுவரை இருந்து பாருங்கள்.

இருந்தார்கள். வெளியே பந்தலில் சாப்பாடு போட்டோம். காந்திபுரத்து மெஸ்ஸிலிருந்து வந்த கேரியரில் அரிசிம்பருப்புச் சாதமும் கத்திரிக்காயும். குழுத் தலைவர் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் பாதியில் எழுந்து முள்ளருகே போனேன். ஒன்றேகாலுக்கு முள் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. ஒன்றரை ஆயிற்று. முள் பாதி உயரத்தில் அசையாமல் நின்றது.

குழுத் தலைவர் கைகழுவிவிட்டு வந்து தன் கடிகாரத்தையும் முள்ளையும் பார்த்தார். மண்ணின் சூடு அந்த நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும் என்பது அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

அதே நேரத்தில் தெய்வானையம்மா கொடுத்த கெடுவும் முடிந்தது. இனி எந்த நிமிடமும் மோட்டார் ஓடலாம். ஓடினால் முள் எதற்கு ஏறுகிறது, எதற்கு நிற்கிறது என்று எவருக்கும் சொல்ல முடியாது. ரங்கசாமி செருப்பைக்கூட மாட்டாமல் பருத்திக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "பருத்தி இன்னுங் கொஞ்ச நேரம் காயட்டும், நீங்க பாருங்கன்னு சொல்லிப்போட்டாங்க" என்றார்.

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணக்குத் தப்பா? இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கு. ரிசீவர் கலைந்துவிட்டதா? கோடு நேராக, சுத்தமாக இருக்கிறது. ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிவிடலாம் என்று மனசு தூண்டியது. வெயில், வால்வு, காற்று என்று காரணத்துக்கா பஞ்சம்? அப்போதுதான் ஒன்று தோன்றியது. கணக்கு சரியாகவும், ரிசீவர் சரியாகவும், மண் அமைதியாகவும் இருந்தால், மிச்சம் இருப்பது ஒன்றுதான். தப்பாக இருப்பது நான் நம்பிய ஒன்று. மேகம் எங்கே முடிகிறது என்பதை நான் ஒளித் தகட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். விண்மீன் முடிந்த இடத்தில் வாயுவும் முடிய வேண்டும் என்று யார் சொன்னது?

குழுத் தலைவரிடம் திரும்பி, என் கணிப்பு தவறிவிட்டது, ஏன் என்று இப்போது உங்கள் முன்னாலேயே ரிசீவரிடம் கேட்கப் போகிறேன் என்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முள்ளுக்கு நேராக உட்கார்ந்தார். குமிழைத் திருப்பினேன்.

முள் விழுந்தது. மண்ணின் பங்கு என்று முன்பு கண்ட அதே உயரம்வரை விழுந்து நின்றது. திருப்பிக் கொண்டுவந்தேன். எழுந்தது.

நீலத் தகட்டில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. சிவப்புத் தகட்டிலும் ஒரு பொட்டு கிடையாது. மையின் கோடு மட்டும் அங்கே ஒரு மண்டலம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் எழுந்து, தகட்டை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போய், நடுப்பகல் வெளிச்சத்தில் பிடித்து அதன் ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். தானே ஒருமுறை குமிழைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். அன்று அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

திருப்பினார். முள் விழுந்தது. மறுபடி திருப்பினார். எழுந்தது. மூன்றாவது முறையும் திருப்பினார். அது அவசியமே இல்லாதது, வெறும் சந்தோஷத்துக்காகத் திருப்பியது. இரண்டு மணியைத் தாண்டி, நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே பார்த்திருக்க, மேகத்தின் கடைசி ஓரமும் தட்டின் முன்னாலிருந்து நகர்ந்து, முள் தானாகக் கீழே வந்து சேர்ந்தது. மண் அப்போதும் கால் வைக்க முடியாதபடி கொதித்துக்கொண்டிருந்தது.

தெற்கு நாடுகளில் எங்களைவிடப் பெரிய தட்டு வைத்திருந்தவர்கள், இந்த வாயு விண்மீன்களைத் தாண்டிப் பரந்திருப்பதை எங்களுக்கு முன்பே கண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதனால் எங்கள் மகிழ்ச்சி ஒரு துளியும் குறையவில்லை. எங்கள் கையால் கட்டிய தட்டில், எங்கள் தவறான கணிப்பையே படியாக வைத்து ஏறி, நாங்களே கண்டது அது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது சரியான படம்? நீலத் தகடு இளம் விண்மீன்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொன்னது. சிவப்புத் தகடு எந்த வாயு ஒளிர்கிறது என்பதற்குச் சொன்னது. ரேடியோ, இன்னும் விண்மீன் ஆகாமல் குளிர்ந்து கிடக்கும் வாயு எங்கே என்பதற்குச் சொன்னது. மூன்றும் சரி. ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்டவள் நான். நூறு பேர் முன்னால் உங்கள் கணிப்பு பொய்த்து நிற்கும் நிமிடம் உங்களுக்கும் வரும். அந்த நிமிடத்தில் சமாதானம் தேடாமல் குமிழைத் தேடுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நேர்மையானவராக இருந்தால், அவரே உங்களோடு சேர்ந்து திருப்பிப் பார்ப்பார்.

அன்று மாலை குழு கிளம்பும்போது தெய்வானையம்மா ஒரு சொம்பு மோரோடு வந்தார். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். உங்கள் காட்டுக்கு மேலே தெற்கே ஒரு மண்டலம், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது என்றேன். "பருத்திக்கும் வேரு வெளிய தெரியாதுங்களே அம்மணி" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போய்விட்டார். குழுத் தலைவர் அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். காரில் ஏறுவதற்கு முன், அடுத்து எதைப் பார்ப்பீர்கள் என்று என்னிடமே கேட்டார். இரண்டு மேகங்களுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லை என்று எல்லாத் தகடுகளும் சொல்லும் இடத்தில் என்றேன்.

தட்டு நீடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. புது ரிசீவருக்கும் அனுமதி வந்தது. ரங்கசாமி பட்டறைக்குத் திரும்பவில்லை.

அடுத்த சித்திரையில், அந்த நடு இடம் நண்பகலில் தெற்கே வரும் நாட்களில், வடச்சட்டியை முடிந்த மட்டும் கீழே சாய்த்தோம். அடிவானத்தை உரசுகிற இடம் அது. மூவரும் கொட்டகைக்குள் நின்றோம். முள் அடிக்கோட்டைவிட்டு ஒரு விரல் அகலம் எழுந்து நின்றது. குமிழைத் திருப்பினேன், விழுந்தது. திரும்பக் கொண்டுவந்தேன், எழுந்தது. ஒரு வாரம் பார்த்தோம். நாளுக்கு நாலு நிமிடம் முந்தி முந்தி அது வந்துகொண்டே இருந்தது. இரண்டு மண்டலங்களுக்கும் நடுவே வாயு ஒரு பாலம்போல ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் காகிதத்தைக் கையில் வாங்கி முனையிலிருந்து முனைவரை பார்த்தார். எங்கள் இருவருக்கும் அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வராதா என்று இருந்தது.

"தட்டு பத்தாதுங்க" என்றார். "இன்னும் பெருசா வேணும்."

ரங்கசாமி அதற்குள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கியிருந்தார்.